புதுக் கமரா என்று சொன்னார்கள்

முதல் கமராவை ஜிந்துப்பிட்டியில் ஒருவரிடம் வாங்கினேன். வீட்டுப் பாவனை, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மட்டும் எடுத்தது என்று சொன்னார். நம்பினேன். ஆறேழு மாதத்தில் அது செத்துப்போயிற்று. பொத்தானை அமத்தினால் சத்தம் வரும், படம் கறுப்பாக விழும்.

புறக்கோட்டையில் கமரா திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இது கலியாண வீட்டுக் கமரா. வருசக்கணக்கா அடிச்சுத் தள்ளியிருக்கிறான். ஓடித் தேய்ஞ்ச ஓட்டோவுக்குப் பெயின்ற் அடிச்சு உங்கட தலையில கட்டியிருக்கிறான்."

கமராவுக்கு உள்ளே ஷட்டர் என்று ஒரு கதவு இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும். அதற்கும் ஆயுள் உண்டு. அந்த ஆயுளை வேறொருவன் தின்றுவிட்டு, மிச்சத்தை எனக்கு விற்றிருக்கிறான். அன்றைக்குத்தான் அதெல்லாம் தெரிந்தது. வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும், எதைத் தடவ வேண்டும் என்று திருத்துகிறவர் சொல்லித் தந்தார். அவர் ஏன் சும்மா சொல்லித் தருகிறார் என்றும் யோசித்தேன். அவரிடமும் இரண்டு பழைய கமரா விற்பனைக்கு இருந்தது. வாங்காமல் வந்தேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. மத்தியானச் சாப்பாடு பார்சல் கட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பின்னேரம் கை ஓய்ந்ததும் மொட்டைமாடிக்கு ஏறுவேன். அங்கிருந்து துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். பருந்துகள் சுற்றும். பக்கத்து மாடியில் சேலை காயும். அதைத்தான் எடுப்பேன். ஒரு படமும் விற்றதில்லை, போட்டிக்கு அனுப்பியதில்லை. எடுப்பேன், பார்ப்பேன், வைத்திருப்பேன்.

கமரா செத்தது வீட்டில் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் ஒன்றும் ஏசவில்லை. ஏசினாலாவது பரவாயில்லை. அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். ஏறுகிற ஆட்களிடம் எல்லாம் கதையாகச் சொல்லிச் சிரித்தார்.

அப்போதே முடிவு எடுத்தேன். இன்னொரு முறை வாங்குவேன். அதிலும் ஏமாந்தால் இந்தப் படம் எடுக்கிற வேலையையே விட்டுவிடுவேன். அவர் விடமாட்டார் என்பதற்காக இல்லை. எனக்கே பிறகு கமராவைத் தொட மனம் வராது. ஆகவே புதிது வேண்டும். ஒருவர் கையும் படாத புதிது.

நவராத்திரி முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனோம். நெரிசலான காலி வீதியில் கடை வாசலில் ஓட்டோவை நிறுத்த முன்னமே பொலிஸ்காரன் கையைக் காட்டினான்.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட."

"முன்னால போகட்டாம்," என்றார் வீட்டுக்காரர். "நான் சுத்திக்கொண்டு வாறன். நீ உள்ள போய் வடிவா ஏமாந்திட்டு வா."

நான் இறங்கி உள்ளே போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. நெற்றியில் மூன்று வரி திருநீறு. அப்படி நெற்றி நிறையப் பூசுகிறவர்களிடம் நான் இரண்டு மடங்கு கவனமாக இருப்பேன்.

"வாங்கோ அன்ரி. மகனுக்கோ?"

"எனக்கு."

"ஆ... நல்லது, நல்லது. எங்கயும் ரூர் போறீங்களோ?"

"இல்லை. மொட்டைமாடிக்கு."

அவர் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் ஒரு சின்னக் கமராவை எடுத்து வைத்தார். இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், உள்ளே கண்ணாடி இல்லாதது, பாரமும் இல்லை என்றார். எடுத்து ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு குட்டி ரீவி இருந்தது. என் கையை முன்னால் ஆட்டினேன். ரீவியில் இருந்த கை கொஞ்சம் பிந்தி ஆடியது. ஒரு கண் வெட்டுக்கூட இருக்காது. ஆனால் பிந்தியது.

அது நான் பார்ப்பது இல்லை. அது பார்த்துவிட்டு எனக்குச் சொல்வது. சொல்லும்போது எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே கண்ணாடி உள்ள கமராவில் வெளிச்சம் நேராகக் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வரும். நடுவில் ஆள் இல்லை.

"எனக்குக் கண்ணாடி உள்ளதுதான் வேணும்."

"அது பழைய மாதிரி அன்ரி. இப்ப வாறதே குறைவு."

"மாதிரி பழசா இருக்கட்டும். சாமான் புதுசா இருக்கோணும்."

உள்ளே போனார். வர நேரம் எடுத்தது. ஒரு பெட்டியை எடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்தேன். பெட்டியோடு வந்து, "பிரண்ட் நியூ" என்று சொல்லி, என் முன்னாலேயே பெட்டியில் ஒட்டியிருந்த ரேப்பை வெட்டினார். ரேப் நல்ல பளபளப்பு. பெட்டியின் மூலை கொஞ்சம் மழுங்கி இருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெட்டியில் உள்ள நம்பரும் கமராவின் அடியில் உள்ள நம்பரும் ஒன்று. சார்ஜரின் பிளக் எங்கள் ஊர்ப் பிளக். தோளில் போடும் வார் மடித்தபடி கட்டி இருந்தது. லென்ஸ் பூட்டுகிற வளையத்தில் கீறல் இல்லை. பிடியை மூக்கில் வைத்தேன். றப்பர் மணம்.

"என்ன அன்ரி, மோந்தும் பாப்பியளோ?"

"மீன் வாங்கினாலும் பார்ப்பேன்."

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் மேலிருந்து தொடங்கினேன். கமராவின் தலையில் பிளாஷ் பூட்டுவதற்கு ஒரு தகட்டுக் காடி இருக்கும். அதன் விளிம்புக்கு அடியில், விரல் போகாத இடத்தில், மஞ்சளாக ஒரு பொட்டுக் காய்ந்து கிடந்தது. சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் கிளறினேன். பொடியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து மணந்தேன்.

சந்தனம்.

ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கமராவைக் கீழே வைத்தேன்.

"தம்பி, நவராத்திரிக்குக் கடையில வாணி விழா நல்லா நடந்ததா?"

அவர் முகம் மலர்ந்தது. "ஓம் அன்ரி, ஒவ்வொரு வருசமும் பெரிசாத்தான் செய்யிறனாங்கள். ஐயரைக் கூப்பிட்டு, கடலை, அவல், சுண்டல் எல்லாம். கல்லாப்பெட்டி, கொம்பியூட்டர், கமரா, ஒண்டும் விடாமல் சந்தனம், குங்குமம் வைச்சு..."

"பெட்டிக்குள்ள இருக்கிற கமராக்களுக்கும் உடைச்சு வைப்பீங்களா?"

"சீச்சீ, பெட்டிக்கு மேலதான் வைக்கிறது. பெட்டியை விட்டு எடுத்து ஷோகேசுக்குள்ள நிக்கிறதுக்கு மட்டும்தான் கமராவிலயே..."

அதோடு நிறுத்திவிட்டார். நான் ஊசி முனையைக் காட்டினேன்.

அவர் குனிந்து ஊசி முனையைப் பார்த்தார். வெளியே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அன்ரி பொலிசிலயோ வேலை?"

"சோத்துப் பார்சல்."

"சத்தியமா அன்ரி, ஷோகேஸ் கண்ணாடிக்குள்ளதான் நிண்டது. ஒருத்தரும் தொடயில்லை."

"தொடாமல் பொட்டு எப்படி வைச்சீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். வேறு பெட்டி தாருங்கள் என்றேன். இல்லை என்றார். இந்த மாதிரியில் இருப்பது இது ஒன்றுதான், இனி வருமோ தெரியாது, விலை குறைத்துத் தருகிறேன் என்றார். நான் எழும்பி வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர் இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"இன்னொரு கடை பார்க்கோணும்."

"வெள்ளவத்தையில இருக்கிற கடை எல்லாத்தோடயும் சண்டை பிடிச்சிட்டுத்தான் வருவியா?"

அடுத்த கடை தெகிவளைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருந்தது. குளிர் போட்ட கடை. வாசலில் நின்ற பிள்ளை எனக்கு இருக்கக் கதிரை தந்தாள், தண்ணீர் தந்தாள். அதே கமரா இருந்தது. பெட்டி சீல் உடைக்காதது. மூலை மழுங்கவில்லை. எனக்குக் கை நீண்டது.

"திறந்து பார்க்கலாமா மகள்?"

"இல்ல அன்ரி. சீல் உடைச்சா நீங்க எடுத்துத்தான் ஆகணும். காசு கட்டினதும் திறக்கலாம்."

"திறந்த பிறகு ஏதும் இருந்தா?"

"ஒண்ணும் இருக்காது அன்ரி. பயப்படாதீங்க."

"வொரன்ட்டி?"

"கடை வொரன்ட்டி. ஆறு மாசம்."

கடை வொரன்ட்டி என்றால் கடை இருக்கும் வரை. இறக்குமதி செய்கிற ஏஜன்ட் தருகிற வொரன்ட்டிதான் வொரன்ட்டி. பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. பார்க்க விடாமல், பயப்படாதே என்கிறாள்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன்.

ஓட்டோவில் ஏறவில்லை. முதல் கடைக்கு நடந்தேன். நடக்கும்போது யோசித்தது இவ்வளவுதான். இந்த ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு பொய் சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தக் கடையின் பொய் பெட்டிக்குள் இருக்கிறது, எனக்குத் தெரியாது. முதல் கடைக்காரருடைய பொய் எனக்குத் தெரியும். நானே ஊசியால் கிளறி எடுத்தது. தெரிந்த பொய்யை விலை பேசலாம். ஒருவர் கையும் படாத கமரா என்று ஒன்று எனக்குக் கிடைக்கப் போவதில்லை. யார் யார் கை பட்டது என்று தெரிந்ததாவது வாங்கலாம்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"அன்ரி, நான் நினைச்சனான் நீங்கள் வரமாட்டியள் எண்டு."

"ஏஜன்ட் வொரன்ட்டி இன்றைக்குத் திகதி போட்டுத் தரோணும். பில்லில ஷோகேஸ் சாமான் என்டு எழுதோணும்."

"அப்பிடி எழுதினால் ஏஜன்ட்காரன் கேள்வி கேப்பான்."

"கேட்கட்டும். இப்பவே கேட்கச் சொல்லுங்க. போனை எனக்கும் கேட்கிற மாதிரி வையுங்க."

ஏஜன்டுக்குப் போன் எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண் சிங்களத்தில் கதைத்தாள். ஷோகேசில் நின்றதற்கும் விற்ற நாளில் இருந்துதான் வொரன்ட்டி என்றாள், பிரச்சினை இல்லை என்றாள். பிரச்சினை இல்லாததை ஏன் மறைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. முழு விலை கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

பிறகு நான்கைந்து படம் அடித்து, அதைப் புறக்கோட்டைக்காரருக்குப் போனில் அனுப்பினேன். எத்தனையாவது படம் என்று படத்துக்குள்ளேயே ஒரு எண் ஒளிந்திருக்கும். எல்லாக் கமராவிலும் இல்லை, இதில் உண்டு. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கொஞ்சப் படம்தான் எடுபட்டிருக்கு, சாமான் பச்சைப் பிள்ளை, எடுங்கள் என்று. கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியளோ? நான் பொய் சொல்லயில்லை."

"ஒன்றுதான் சொன்னீங்க."

அதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். விலையைப் பேசினோம். குறைத்தார். இன்னும் குறைக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போகும்போது, "அன்ரி, கமராவோட உங்களை ஒரு படம் எடுத்து எங்கட பேஸ்புக்கில போடட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். நீங்க நில்லுங்க."

"நானோ?"

"பில்லையும் வொரன்ட்டிக் கார்ட்டையும் நெஞ்சுக்கு நேரே பிடியுங்க. எழுத்துத் தெரியோணும்."

அவருக்கு விளங்கியது. "இது பொலிசில பிடிபட்டவனை எடுக்கிற படம் மாதிரியெல்லோ இருக்கு," என்றார். என்றாலும் ஷோகேஸ் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். கொலரைச் சரி செய்தார். நான் ஓட்டைக்குள் கண்ணை வைத்தேன். அவர் கை அசைந்தது, உடனேயே உள்ளேயும் அசைந்தது. அமத்தினேன்.

வெளியே வீட்டுக்காரர் கடைவாசலிலேயே நிறுத்தியிருந்தார். பொலிஸ்காரன் சாப்பிடப் போயிருக்க வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

"இந்த முறை எப்படி?"

"இனித்தான் தெரியும்."

பம்பலப்பிட்டி தாண்டும்போது கடைக்காரரைப் படம் எடுத்த கதையைச் சொன்னேன். படத்தைக் காட்டு என்றார். சிவப்பு விளக்கில் நின்றபோது காட்டினேன். திருநீற்று வரி, சீவிய தலை, கையில் கார்ட். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அவருடைய கையெழுத்துத் தெளிவாக வாசிக்கலாம்.

"நல்ல மனிசன் போல இருக்கிறாரே," என்றார் வீட்டுக்காரர்.

வொரன்ட்டி ஒரு வருசம், அது முடியட்டும் என்றேன். அதுவரை அந்தப் படத்தை அழிக்கமாட்டேன்.