பாதியில் எழும்பிய சஹன்

எங்கள் உல்லாசப் பயணக் கப்பல் கொழும்பில் ஒரு பகல் மட்டுமே நின்றது. கப்பல்காரர் ஒழுங்கு செய்த சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திராது. அது தெரிந்துதான் நான் வேன் பிடித்து, மூன்று மணித்தியால ஓட்டத்திலுள்ள மதுரங்குளிக்குப் போனேன். மன்னாரில் என்னோடு படித்து, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு விரட்டப்பட்ட ரஹீமின் மகளுக்கு அன்று கல்யாணம்.

சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி, ரஹீமும் அவனோடு மன்னாரிலிருந்து வந்த நால்வரும் நானுமாக ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின்தான் எழும்புவது அவர்கள் வழக்கம். பாதியில் வேன் சாரதி வந்து குனிந்தார். "சேர், ரோட் புளொக்காம். இப்பவே வெளிக்கிடோணும்."

எழும்ப மனம் வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"கப்பலாடா?" என்றான் ரஹீம்.

"ஓம்."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். ஐந்து பேரும் கையைக் கழுவி என்னோடு எழும்பினார்கள்.

"நீங்க சாப்பிடுங்கோவன்!"

"ஒன்னயத் தனிய எழுப்பி விடுறதா? மன்னார்லயும் பாதிச் சோத்துலதானடா எழும்பி வந்தோம். எங்களுக்குப் பழக்கம்" என்று சிரித்தான்.

கப்பலைப் பிடித்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டு மேசையில் என்னோடு நிறையப் பேர் இருந்தார்கள். நான் பாதியில் எழும்பியபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.