இந்தமுறை உடையாது

இதை நான் சொன்னபோது என் கணவரே நம்பவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது. எங்கள் கல்லூரியில் இசை படிக்கும் எல்லோரும் பயிற்சிக் கொப்பி ஒன்று வைத்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குப் பாடத் தொடங்கினோம், எத்தனை மணிக்கு முடித்தோம் என்று நிமிடம் தவறாமல் எழுத வேண்டும். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் சொல்லப்போகும் நேரங்கள் எல்லாம் அதில் உள்ளவை. என் கையெழுத்து. சில பக்கங்களில் நடுங்கிய கையெழுத்து.

1991ஆம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் லண்டனுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சமூகக் கல்லூரியில் இரண்டு வருட இசைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். எனக்கு வாய்ப்பாட்டு முதல் பாடம், வயலின் இரண்டாம் பாடம். மார்ச் மாதம் மேடைத் தேர்வு. அதில் தேறினால்தான் இரண்டாம் வருடம். இரண்டாம் வருடம் கிடைத்தால்தான் விசா. கிடைக்காவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். போர் நடந்த அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாடுகிறவர்களுக்குப் பியானோ வாசிக்கக் கல்லூரி ஒருவரை வேலைக்கு வைத்திருந்தது. கிறிஸ்துநாயகம். முப்பது வயது இருக்கும். அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். கை வேகமும் சுத்தமும் யாருக்கும் வராது. தமிழர் என்பதால் எனக்கு முதலில் பெரிய நிம்மதி. நாயகம் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

பயிற்சி அறைகள் நிலத்துக்குக் கீழே இருந்தன. நீளமான நடை. இரண்டு பக்கமும் தடித்த கதவுகள். எங்களுக்கு ஐந்தாம் அறை. செவ்வாயும் வியாழனும் மாலை நாலே முக்காலிலிருந்து ஆறே கால் வரை. நவம்பரில் அந்த நேரம் வெளியே நல்ல இருட்டு. கீழே எந்த நேரமும் ஒன்றுதான்.

நவம்பர் 26, செவ்வாய். மாலை 5.10.

பாட்டுக்கு முன் வயலினை எடுத்தேன். வில்லை வைத்ததும் ஏதோ பிழையாகக் கேட்டது. சுருதி பார்க்கும் இரும்புக் கவையைத் தட்டிக் காதில் வைத்தேன். நாலு தந்திகளும் அரைச் சுரம் ஏறியிருந்தன. நாலும் ஒரே அளவு.

வயலின் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் முறுக்காணி வழுக்கித் தந்தி இளகும். சுருதி இறங்கும். தானாக ஏறாது. அதுவும் நாலும் சேர்ந்து, ஒரே அளவாக… ஏறவே ஏறாது.

"ஹீற்றரின்ரை சூடா இருக்கும்," என்றார் நாயகம்.

இறக்கி வைத்தேன். வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தேன். மறுபடியும் அரைச் சுரம் ஏறியிருந்தது.

டிசம்பர் 3, செவ்வாய். மாலை 5.40.

நாயகம் சிகரெட் பிடிக்க மேலே போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் யாரோ பாடத் தொடங்கினார்கள். ஒரு பெண். தேர்வுக்கு எனக்குத் தந்திருந்த அதே பழைய ஆங்கிலப் பாட்டு. நல்ல குரல். என்னுடையதை விட நல்ல குரல் என்று பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசி வரிக்கு வந்தாள். உச்சச் சுரம். ஏறினாள்…

குரல் உடைந்தது.

கீறல் விழுந்த கண்ணாடி மாதிரி ஒரு சத்தம். பிறகு இருமல். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம். மறுபடி கடைசி வரி. மறுபடி அதே இடத்தில் உடைந்தது. மறுபடி. மறுபடி. ஏழு தடவை. எண்ணினேன்.

பாவமாக இருந்தது. இவ்வளவு உயரத்தில் பாடாதே என்று சொல்லலாம் என்று வெளியே வந்தேன். ஆறாம் அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தேன்.

இருட்டு. வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

படிகளில் ஓடினேன். மேலே வாசல் மேசையில் சதாசிவம் அண்ணை இருந்தார். மாலை ஷிப்ட் காவல் அவருக்கு. ஊரில் கிளார்க்காக இருந்தவர்.

"அண்ணை, ஆறாம் அறையில ஆரோ பூட்டுப்பட்டுப் போச்சினம்."

"ஆறிலையோ? அது ரெண்டு வருசமாப் பூட்டு, பிள்ளை. தண்ணி ஒழுகுது. பியானோவையும் எடுத்தாச்சு."

"பாட்டுக் கேட்டுது."

"என்ன பாட்டு?"

மெல்லப் பாடிக் காட்டினேன். முதல் வரி முடியவில்லை. அவர் கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டார்.

"பெர்னடெற்…" என்றார்.

அன்றுதான் கேள்விப்பட்டேன். பெர்னடெற் யாழ்ப்பாணம் குருநகர்ப் பிள்ளை. எனக்கு இரண்டு வருடம் முன்னால் அங்கே படித்தவள். என்னைப்போல மாணவர் விசா. அவளுக்கும் நாயகம்தான் பியானோ. ஆறாம் அறையில்தான் பயிற்சி. கலியாணம் கட்டக் கேட்டிருக்கிறார். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். தேர்வு நாளன்று, மேடையில், நாயகம் அவளுடைய பாட்டை இரண்டு சுரம் கூட்டித் தொடங்கினார். வேண்டுமென்றே.

"நிப்பாட்டிப் போட்டுத் திரும்பத் தொடங்கியிருக்கலாம்," என்றார் சதாசிவம் அண்ணை. "பயத்தில பிள்ளை நிப்பாட்டேல்லை. கடைசி வரியில குரல் கிழிஞ்சு போச்சு. வெளியில வந்து அவன் சிநேகிதனுக்குச் சொன்னதை நான் காதால கேட்டனான். 'ஒருத்தியை விழுத்த எனக்கு ரெண்டு விரல் போதும்' எண்டு."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"வாசல்காரன் சொன்னா ஆர் கேக்கிறது?"

அவள் தேறவில்லை. விசா நீடிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1990 ஓகஸ்டில் குருநகரில் ஷெல் விழுந்து செத்துப்போனாள். இருபத்து நாலு வயது.

அடுத்த நாளே துறைத் தலைவியிடம் போனேன். வேறு பியானோ ஆள் வேண்டும் என்று கேட்டேன். காரணம் கேட்டார். காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. வேறு ஆள் இல்லை, விருப்பமில்லையென்றால் தேர்வைத் தள்ளிப்போடு என்றார். தள்ளிப்போட என் விசாவில் நாட்கள் இல்லை.

டிசம்பர் 5, வியாழன். மாலை 5.25.

பயிற்சி முடிவதற்குள் நாயகம் தாள்களை மூடினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சனிக்கிழமை படத்துக்கு வாறீரோ?"

"இல்லை அண்ணை."

"அண்ணை எண்டு கூப்பிடாதையும்."

"நான் வரேல்லை."

"யோசிச்சுச் சொல்லும் கௌரி. மார்ச்சில எந்தச் சுரத்தில தொடங்கிறது எண்டது என்ரை கையில."

கோபத்தில் வாயில் வந்தது.

"பெர்னடெற்றுக்குச் செய்த மாதிரியோ?"

அவர் முகம் வெளுத்தது. எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பக்கத்து அறையில் பாட்டுத் தொடங்கியது.

இந்த முறை அவருக்கும் கேட்டது.

"டேப் போட்டு விளையாடுறியோ?" கத்தினார். மரியாதை போய்விட்டது. கதவைத் திறந்து ஓடினார். ஆறாம் அறைப் பூட்டைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. கதவை உதைக்கும் சத்தம். ஒரு தடவை. இரண்டு தடவை.

பாட்டு நிற்கவில்லை. கடைசி வரி வந்தது. உச்சச் சுரம். உடைந்தது.

பிறகு அமைதி.

என் வலது காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள். பாடுகிறவர்கள் வரி தொடங்கும் முன் இழுக்கும் மூச்சு.

குளிர்…

"இந்தமுறை உடையாது," என்றது ஒரு குரல்.

எங்கள் ஊர்த் தமிழ். கரகரத்த தொண்டை.

நான் திரும்பவில்லை. திரும்ப ஏலவில்லை.

அதன்பிறகு மூன்று மாதம் கீழே ஒரு சத்தமும் இல்லை. வயலின் சுருதியும் மாறவில்லை. நாயகம் பயிற்சிக்கு வருவார், வாசிப்பார், போவார். ஆனால் போகும்போது ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

1992 மார்ச் 10, செவ்வாய். மாலை 4.20.

மேல் மாடி மண்டபம். வெயில் இருந்தது. பெரிய ஜன்னல்கள். முன்னால் இரண்டு தேர்வாளர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஒரு வயதான ஆண். கதவு வெளியே சதாசிவம் அண்ணை. வேறு யாருக்கும் அனுமதி இல்லை. நான் தேர்வாளர்களைப் பார்த்து நின்றேன். பியானோ என் முதுகுப் பக்கம்.

தலையை அசைத்தேன். நாயகம் தொடங்கினார்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு சுரம் கூட.

நிறுத்தலாம் என்று நினைத்தேன். கையை உயர்த்தப் பார்த்தேன். கை வரவில்லை. வாய் திறந்தது.

குரல் வந்தது.

என் குரல் இல்லை.

அது என் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. என் மூச்சில் வந்தது. ஆனால் நான் பாடவில்லை. நான் உள்ளே எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரி வந்தது. உச்சச் சுரம்…

உடையவில்லை.

நின்றது. நீண்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முடிந்தது. வயதான தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பியானோ நிற்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அரைச் சுரம் கூட்டி. கொஞ்சம் வேகமாக.

என் வாய் மறுபடி திறந்தது.

பின்னால் நாயகம் மெல்லச் சொன்னார். "கௌரி… காணும்… போதும்…"

மூன்றாம் தடவை. இன்னும் அரைச் சுரம். இன்னும் வேகம்.

"நிப்பாட்டச் சொல்லு… கௌரி… கை வருகுதில்லை… நிப்பாட்டச் சொல்லு…"

அழுதார். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நான்காம் தடவை.

கடைசி வரி.

4.31.

பச்சைத் தடியை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுத்தடுத்துப் பத்து.

ஓர் அலறல்.

அமைதி.

என் கழுத்து விடுபட்டது. திரும்பினேன். நாயகம் நிலத்தில் கிடந்தார். இரண்டு கைகளும் நெஞ்சில். பத்து விரல்களும் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. சதாசிவம் அண்ணை ஓடிவந்து விரிக்கப் பார்த்தார். ஒரு விரலைக்கூட விரிக்க முடியவில்லை. அம்புலன்ஸ்காரர்களாலும் முடியவில்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்கிறேன். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் அலறியபோது எனக்குள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்து போய்ச் சந்தோஷப்பட்டது. அது என்னுடைய சந்தோஷமா, அவளுடையதா… இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓர் எலும்பும் முறியவில்லை. நரம்பிலும் பழுது இல்லை. இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். விரல்கள் விரியவில்லை. பிறகு வடக்கு லண்டனில், எட்மண்டனில், அக்காவோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குச் சோறு அக்காதான் ஊட்டிவிடுகிறாராம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 9.15க்குத் தபாலில் தேர்வு முடிவு வந்தது. அதியுயர் மதிப்பெண். விசாவுக்கு அந்த ஒரு தாள் போதும். கதவடியில் நின்று அழுதேன்.

அதோடு தட்டச்சுச் செய்த ஓர் அறிக்கையும் இருந்தது. தேர்வாளர்களின் கருத்து. குரலைப் பற்றி ஒரு பந்தி, நல்லதாக. பியானோவைப் பற்றி ஒரு பந்தி, அந்த அசம்பாவிதத்துக்கு வருத்தத்தோடு. கடைசியாக ஒரு சின்னப் பந்தி. அதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"பியானோ கலைஞரின் இடது பக்கம் நின்று இசைத்தாளின் பக்கங்களைத் திருப்பிய இளம் பெண், பாட்டு முழுவதும் வாயசைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையிலிருந்து கலைஞரின் கைகளின் மேல் தன் கைகளையும் வைத்திருந்தார். மேடைத் தேர்வில் இது ஏற்கத்தக்கது அல்ல. எதிர்காலத்தில் இவரை அழைத்துவர வேண்டாம்."

இரண்டு தேர்வாளர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.