தரையைப் பார்த்து நடந்தவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி அது. திரையில் படம் கண்ணிமைக்கும் நேரம் திக்கினாலும் அவள் பிடித்துவிடுவாள். கழுகு உயரத்திலிருந்து தரையைத்தான் பார்க்கும் என்பது பெயர் வைத்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் மேஜையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும். ஒரு ஓரத்தில், விலையைக் கேட்டாலே மயக்கம் வரும் புது மெஷின். மறு ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் பழைய லேப்டாப். ஒரே கேமை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்து, எதில் வழுக்கிக்கொண்டு போகிறது, எதில் நின்று நின்று போகிறது என்று எழுதித் தருவது அவள் வேலை. கேம் என்றால் வேறொன்றுமில்லை, நொடிக்கு நொடி மெஷின் படம் படமாக வரைந்து தள்ளுகிறது. வரையத் தெம்பு இருந்தால் ஆள் நடப்பான். தெம்பு இல்லாவிட்டால் அப்படியே உறைந்து நிற்பான்.

அந்தப் பழைய லேப்டாப்பின் மேல் அவளுக்குத் தனிப் பாசம். அதே மாதிரி லேப்டாப்தான் வீட்டில் அண்ணனிடம் இருந்தது. கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், சக்கர நாற்காலிக்கு வந்தவன் அவன். அதற்குப் பிறகு அவன் நடந்த நடையெல்லாம் கேமில்தான். இந்த முறை ஒரு நகரம் முழுக்கச் சுற்றி வரும் கேம் தயாராகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, "நம்ம மெஷின்ல ஓடுமா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

தலைமை புரோகிராமர், கேம் ஓடும் மெஷின்களின் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பைக் கழற்றிவிடப் பார்த்தார். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர். இவ்வளவு பெரிய நகரத்தை அந்தக் கிழட்டுப் பெட்டி எங்கே இழுக்கப் போகிறது என்று மீட்டிங்கில் கேட்டார். கழுகு விடவில்லை. தான் ஓட்டிப் பார்த்த அளவுகளை எடுத்துப் போட்டாள். அளவுகள் அத்தனை அழகாக இருந்தன. கழுகே சொல்லிவிட்டால் சரி என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

வெளியிடுவதற்கு முன் வீட்டு ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது அங்கே வழக்கம். அவள் கேமின் ஒரு பிரதியை அண்ணனிடம் கொடுத்தாள். அவன் சாப்பாட்டை மறந்து அதிலேயே கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் போய் உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரமாதம் என்றான். தெருக் கல்லுக்கு நடுவில் புல் முளைத்திருப்பதையும், குட்டையில் தண்ணீர் நெளிவதையும், யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்பையும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

"சந்தைக்கு நடுவுல மணிக்கூண்டு பார்த்தியா அண்ணா? அதை வரைய எத்தனை பேர் உசிரை விட்டாங்க தெரியுமா?"

"மணிக்கூண்டா? சந்தையில எங்க இருக்கு? நான் தினம் அந்த வழியாத்தானே போறேன்."

அவளுக்குத் திக்கென்றது. நிமிர்ந்து பார்க்கச் சொன்னாள். அவன் மௌஸை மெல்ல மேலே நகர்த்தினான். கூட்டமும் கடைகளும் கூரைகளும் ஒன்றாகத் திரைக்குள் வந்த நொடியில் எல்லாம் நின்றுபோனது. கையைத் தூக்கியவன் தூக்கியபடி. பறந்த புறா பறந்தபடி. அண்ணன் பதறவில்லை. பார்வையைத் தரைக்கு இறக்கினான். மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"கூட்டம் வந்தா தரையைப் பாரு. நான்தானேம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?"

அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அவன் விழுந்த வருடம், படிக்கிற பிள்ளையாக அவள் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த லேப்டாப்பில் முறை வைத்து விளையாடினாள். தரையில் வரைய அதிகம் கிடையாது, மெஷின் தாக்குப்பிடிக்கும். புது மெஷினோடு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியாது. இவளுக்கோ கையில் ஊறிப்போயிருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் தன் சோதனைப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தாள். கல், புல், குட்டை. சந்தை வந்தால் மறுபடி கல். புது மெஷினில் நிமிர்ந்து நடந்தவள், பழைய லேப்டாப்பைத் தொட்டவுடன் தன்னையறியாமல் குனிந்திருக்கிறாள். இத்தனை நாளும் அவள் அளந்தது தரையைத்தான். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அண்ணனைப் போன்றவர்கள் காசு கொடுத்து வாங்கி, மணிக்கூண்டு இருப்பதே தெரியாமல் விளையாடி, நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். தரை போதும் என்று அவர்களுக்காக முடிவெடுக்க இவள் யார்?

போய்ச் சொன்னாள். புரோகிராமர் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அந்தப் பதிவை முழுக்கப் பார்த்தார். பிறகு, சரிசெய்வதென்றால் சந்தையையே பிரித்து வேறு மாதிரி கட்ட வேண்டும், அதற்கு இனி நேரமில்லை என்றார். லேப்டாப் கழற்றிவிடப்பட்டது. வெளியீட்டுக்குப் பிறகு அந்த வகை மெஷினில் கேம் திறக்கவே திறக்காது. வீட்டுப் பிரதியும் வெளியீட்டு நாளோடு சரி.

வீட்டுக்குள் நுழைந்தாள். அண்ணன் திரை முன்னால் அசையாமல் இருந்தான். திரையும் அசையவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாக்குத் தவறியதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அவன் அவள் தலையில் கை வைத்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்ப மூடுவாங்க?"

"அடுத்த வாரம்."

"அப்ப இன்னும் நாள் இருக்கு. நீ சரியாத்தான் சொல்லியிருக்க. அழாம இங்க பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் சந்தையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரை உறைந்து கிடந்தது. வெகுநேரம் கழித்து ஒரு படம் மாறியது. மணிக்கூண்டின் பாதி தெரிந்தது.

"காலையிலேர்ந்து இப்படித்தான் பார்க்கிறேன். புறா கூரைக்கு வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்தா உச்சியும் வந்துடும்" என்றான்.