நாகலாபுரத்துப் பிக்கப்

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன். எனக்கே இந்த மாதிரி விஷயங்களில் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. கோவில்பட்டியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் நான். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது அவருக்கு வெளிச்சம் காட்ட டியூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு போனவன், எல்லோரும் திரும்பிய பிறகு தனியாக நின்று வயரைச் சுருட்டிக்கொண்டு வந்தவன். ஒருநாளும் ஒன்றையும் பார்த்ததில்லை. பார்த்தது காலை பதினொரு மணிக்கு, ஒரு பிக்கப் வண்டி வாங்கப் போன இடத்தில்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். என் ஜெனரேட்டர் இரண்டு சக்கர டிராலியில் ஏற்றியது, யாராவது இழுத்தால்தான் நகரும். ஒவ்வொரு முறையும் டிராக்டர்காரனைக் கெஞ்சவேண்டும், உழவு நேரம் என்றால் அவன் வரவே மாட்டான். பசுவந்தனையில் ஒரு கல்யாணத்துக்கு டிராக்டர் வந்து சேர்வதற்குள் பெண்ணழைப்பே முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா திட்டவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அதோடு வழக்கமாக என்னைக் கூப்பிடுகிற மூன்று பேர் வேறு ஆளுக்கு மாறிவிட்டார்கள், இன்னும் ஒரு சீசன் இப்படிப் போனால் தொழிலை மூடவேண்டியதுதான்.

சரி, பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். என் மனைவியின் தம்பி முருகன் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் ஊர் ஊராக அலைந்தேன். "பெயிண்டைப் பாக்காதீங்க அத்தான், அடியில சேஸைப் பாருங்க, ஸ்பிரிங் பட்டையைப் பாருங்க" என்பான். ஒரு வண்டியில் சேஸ் இரண்டு இடத்தில் வெல்டிங். ஒன்றில் பின்பட்டை உடைந்திருந்தது. இன்னொன்று ஸ்டார்ட் பண்ணியதும் தெருவே புகை. நல்ல வண்டி என்றால் விலை எனக்கு எட்டாது. நான்கு மாதம் இப்படி. கடைசியில் எந்த வண்டியாக இருந்தாலும் சரி, அலைச்சல் தீர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் நாகலாபுரம் தாண்டி ஒரு ஊரில் ஒரு நீல பிக்கப் இருப்பதாகச் சொன்னார்கள். மிளகாய் பயிரிடுகிற சம்சாரி ஒருவருடையது, ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனுஷன். முருகன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான், முகத்தில் சிரிப்பு. சேஸ் நேர்க்கோடு. பட்டை கூடுதலாகப் போட்டிருந்தது. டிரெய்லர் மாட்டுகிற பின்கொக்கி இழுத்து இழுத்துத் தேய்ந்து வெள்ளியாக மின்னியது. விலையும் என் கைக்கு அடங்கியது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அவர் சாவியைக் கொடுத்தார். "ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. நான் வரல, வேலை கெடக்கு."

சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் சும்மா உட்கார்ந்தார்.

முருகன் ஓட்டினான். விடியற்காலையில் தூறல் விழுந்திருந்தது, கரிசல் மேலாக மட்டும் நனைந்து செருப்பில் அப்புகிற பதம். "ரோட்டுல ஓட்டுனா என்ன தெரியும், மண்ணுல விட்டுப் பாப்போம்" என்று பருத்திக் காட்டுக்கு நடுவே போகிற வண்டிப்பாதையில் இறக்கினான். எங்களுக்கு முன்னால் அதில் எந்த வண்டியும் போயிருக்கவில்லை, மண் அழுந்தாமல் கிடந்ததை நானே பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே கியரைக் குறைத்தான். மறுபடி குறைத்தான்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

பிரேக் போட்டான். வண்டி நின்றது, நின்ற பிறகு பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. டிராலி மாட்டி ஓட்டியவர்களுக்கு அந்தத் தள்ளு தெரியும். நாம் நின்றுவிடுவோம், பாரம் ஒரு கணம் தாமதித்து வந்து முதுகில் இடிக்கும். எனக்கும் தெரிந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன், பின்னால் வெறும் பாதை. அவன் ரிவர்ஸ் போட்டான். வண்டி ஒரு முழம் போய் எதிலோ முட்டின மாதிரி நின்று உறுமியது.

"கல்லு கிடக்கா, பாருங்க" என்றான்.

இறங்கினேன். கல் இல்லை. எங்கள் வண்டியின் தடம் இரண்டு கோடாகக் கிடந்தது. அதற்கு வெளியே, இரண்டு பக்கமும், இன்னும் இரண்டு கோடுகள். பூ இல்லாத வழுக்கை டயர், எங்கள் தடத்தைவிட ஆழம். வளைவில் எங்கள் தடத்தை வெட்டிக்கொண்டு உள்ளே ஒடுங்கி வந்திருந்தது, டிரெய்லர் சக்கரம் அப்படித்தான் திரும்பும். அது எங்கள் வண்டி வரைக்கும் வரவில்லை. பத்தடி பின்னால் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் இரண்டு குழி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிகளின் ஓரத்து மண் மெதுவாக அமுங்கியது.

முருகனும் இறங்கி வந்து பார்த்தான். பிறகு அவன் ஏறி உட்கார்ந்தான், ரிவர்ஸ் எடுக்காமல் காட்டுக்குள் விட்டு, பெரிய வட்டமாகச் சுற்றி, பாரம் இழுக்கிறவன் திருப்புகிற மாதிரியே திருப்பினான். நான் ஏறவில்லை. ஊர் வரைக்கும் முன்னால் நடந்தே வந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மனுஷன் மரத்தடியிலேயே இருந்தார். நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"டிரெய்லரை வித்து ரெண்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி. எங்க அண்ணன் இதுல மாட்டித்தான் தண்ணி வண்டி இழுத்தாவ. அவிய செத்துப்போன மறுமாசமே வித்துட்டோம்."

"எப்படிப் போனாவ?" என்று முருகன் கேட்டான்.

அவர் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவருக்கும் என்னைப் போலவே அலுத்துப்போயிருந்தது, குரலிலேயே தெரிந்தது. வண்டி பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் போல. குடித்துவிட்டுத்தான் வந்தோம், மறுக்க மனசு வரவில்லை.

இன்னொரு வருஷம் டிராக்டர்காரனிடமே கெஞ்சினேன். பிறகு ஒரு பழைய ஜீப் அமைந்தது, தொழில் எப்படியோ பிழைத்துக்கொண்டது. இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். தூக்கமில்லாத உடம்பு, கண் ஏமாற்றியது என்று என்னையே சமாதானம் செய்துவைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் ரயில்வே கேட்டில் சாலையோரமாகப் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறேன், முன்னால் அதே நீல பிக்கப். கொக்கியில் ஒன்றும் மாட்டவில்லை. வேறு யாரோ ஓட்டுகிறார், பீடி குடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பின்னால் ஒரு லாரி, நன்றாக இடம் விட்டு நின்றது, லாரியை ஒட்டி ஒரு பஸ். கீதாரி ஒருவர் ஆடுகளைச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். ஆடுகள் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே, ஒரு சாண் சந்தில்கூட முண்டியடித்து நுழைந்தன. பிக்கப்புக்குப் பின்னால் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தும் அதில் ஒன்றுகூட நுழையவில்லை.

கடைசியாக ஒரு குட்டி மட்டும் அங்கே வந்தது. வெட்டவெளிதான், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அது தலையைத் தாழ்த்தி, முன்னங்காலை மடக்கி, வயிறு தாரில் உரச உரச ஊர்ந்து போய், அந்தப் பக்கம் வெளியே வந்து நிமிர்ந்து நின்று உடம்பை உதறியது.