கூடையில்லாத மீன்காரி

கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு மீன் விற்கப் போகும் மங்கலம் கூடையோடு பஸ் ஏறினால் போதும், கண்டக்டர் உத்திராபதி விசிலடித்துவிடுவார். "நாத்தம் தாங்கல, எறங்கும்மா." சிதம்பரம் வரை வெயிலில் எத்தனையோ நாள் நடந்திருக்கிறாள்.

அசருகிற ஆளா அவள்? மீன் போட்ட பிளாஸ்டிக் பையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு அதன் வாயை ஒட்டும் மெஷின் ஒன்றை வாங்கினாள். கெளுத்தி முள் பையைக் குத்திக் கிழித்தது. முள்ளை நறுக்கிவிட்டு ஒட்டினாள். ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, பேப்பரில் சுற்றி, துணிப்பையில் அடுக்கிக்கொண்டு ஜம்மென்று பஸ் ஏறினாள்.

"வியாபாரத்த உட்டுட்டியா? இப்பதான் நிம்மதியா மூச்சு உட முடியுது" என்றபடி உத்திராபதி தன் சாப்பாட்டு டப்பாவை அவள் பைமேல் வைத்தார்.

சிதம்பரம் வந்ததும் மங்கலம் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"சோறு சில்லுனு ஆயிருக்கும் சார். இவ்ளோ நேரமும் எம் மீனு மேலதான இருந்துச்சி."