அப்பாதுரை கூப்பிடாத கல்யாணம்

என் அக்கா கிளியம்மாளின் புருஷன் அப்பாதுரை பட்டாளத்துக்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்தால் முடிச்சூர் தெருமுனையிலேயே அவர் குரல் கேட்கும். எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் பேர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிடுவார். டிரங்குப் பெட்டியோடு அவர் வந்து இறங்கும் நாள் எங்களுக்குத் தீபாவளிதான்.

அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய்விட்டு 1990-ல் வந்தவர் வேறு ஆள். பென்ஷன் வாங்கிக்கொண்டு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் ‘வாங்க’ என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தலையை ஆட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவார், அவ்வளவுதான். மிலிட்டரி திமிர் என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

1996-ல் அவர் மகள் தனத்துக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க நானும் அவரும் ஊர் ஊராக அலைந்தோம். வெற்றிலை பாக்குத் தட்டை அவர் நீட்டுவார், “குடும்பத்தோட வந்துடணும்” என்று நான் சொல்வேன். அப்படியே சமாளித்துக்கொண்டு வந்தோம். குன்றத்தூரில் அவருடைய அக்கா அஞ்சம்மாள் வீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவளை மட்டுமாவது தன் வாயால் கூப்பிட வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் உதட்டை அசைத்துப் பழகிக்கொண்டே வந்தார்.

“இன்னாடா, தட்ட வெச்சிட்டு கம்முனு குந்திகினு கீற? உன் வாயால வான்னு சொல்லு” என்றாள் அஞ்சம்மாள்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“வந்துடுங்கக்கா” என்றேன் நான்.

“நீ இன்னா சொல்றது? எந்தம்பி சொல்லட்டும்.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் பிடித்துக் கத்தினேன். “ஒத்த வார்த்த மாமா. அதுக்குக்கூட உனக்கு கவுரவமா?”

அப்போதுதான் சொன்னார். “யாழ்ப்பாணம் பக்கம் ஒரு ஊரு. எங்க கூட்டத்துல தமிழ் பேசறவன் நான் ஒருத்தன்தான். வூட்டுக்குள்ள கீறவங்கள கூப்புடுன்னாங்க. ‘வெளிய வாங்கம்மா, ஒண்ணும் ஆவாது’ன்னேன். தமிழ்ல கூப்டேன்னு நம்பி வந்தாங்க மச்சான். அப்போ பார்த்து சுட ஆரம்பிச்சிட்டாங்க. எந்தப் பக்கம்னு இன்னிக்கும் தெர்ல. ஏழு பேரு போய்ட்டாங்க. வான்னு சொல்ல வாயெடுத்தா அவங்க மூஞ்சிதான் வந்து நிக்கிது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய் அஞ்சம்மாளிடம் சொல்லிவிடலாம் என்றேன். “தனத்து மேல சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்லாத” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பண்ணித் தொலைத்தேன்.

கல்யாணத்துக்கு அஞ்சம்மாள் வரவில்லை. தாலி கட்டும் வரைக்கும் அவர் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

1998-ல் அவள் செத்துப்போனாள். சாவு வீட்டில் அவள் மகன் கேசவன் எங்கள் இருவரிடமும் அழுதுகொண்டே சொன்னான்: “கல்யாணத்தன்னிக்கி காலையிலயே பட்டுப்பொடவ கட்டிக்கினு குந்திச்சி. தம்பி ஆட்டோ எடுத்துகினு வருவான், ஒரு வார்த்த சொல்வான்னு மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல.”

அப்பாதுரை அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சத்தியத்தைக் காப்பாற்றிய பெரிய யோக்கியன் நான் அவர் பக்கத்தில் நின்றேன். நான் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தப் பட்டுப்புடவையோடு அவள் ஓடி வந்திருப்பாள்.