கோணிப்போன பச்சைக்கண்

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி, மின்னலையைக் கோடாக வரைந்துகாட்டும் ஆசிலோஸ்கோப்பின் திரையருகே காந்தத்தைக் கொண்டுபோனாள். நேராக ஓடிய பச்சைக் கோடு பாம்பாக நெளிந்தது. தோழிகள் கைதட்டினார்கள். பாடம் நடத்தும் நானோ சாக்பீஸை வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்தேன். காந்தம் எலக்ட்ரானை வளைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதே நான்தான்! ஆனாலும் அந்த நெளிவைக் கண்டால் சந்தனமும் சூடேறிய தூசியும் கலந்த வாசனை எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் வாசனை அது. அதன் நெற்றியில் காசளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் பச்சை ஒளி விசிறிபோல் விரியும். பச்சைக்கண் என்போம். அப்பா ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். காதை நம்பமாட்டார், அந்தக் கண்ணைத்தான் நம்புவார்.

சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் அவர்தான் என்னைச் சேர்த்தார். சேர்ந்த சில மாதங்களில் ஆயுத பூஜை விடுமுறை வந்தது. திண்டிவனத்திலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு பை வறுத்த வேர்க்கடலையோடு, அவள் பேச்சில் மல்லாட்டையோடு, வந்திருந்தாள்.

பூஜையில் வைத்தவை: அப்பாவின் ஸ்பேனர்கள், சுத்தியல், கீழே விழுந்த திருகாணிகளைப் பொறுக்கும் லாடக் காந்தம், அம்மாவின் அரிவாள்மணை, என் புத்தகங்கள். இடம் போதாமல் பாதிப் பொருள்கள் ரேடியோவின் தலையில் ஏறின. வைத்ததை மறுநாள் பூஜை வரை தொடக்கூடாது. ரேடியோவுக்கு மட்டும் விலக்கு. நாதஸ்வரம் கேட்க வேண்டுமே!

அப்பா ரேடியோவின் குமிழைத் திருப்பினார். பாட்டு வந்தது. பச்சைக்கண் ஒரு பக்கம் பிதுங்கி, மறுபக்கம் கறுத்துக் கிடந்தது.

"ஐயோ, கண்ணு கோணிக்கினு கீது பாருடா தம்பி!" அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொட்டப்புள்ள ரேடியோ படிக்கிறேன்னு புஸ்தகத்த கொண்டாந்து வச்சா, சரஸ்வதி வேற எப்படிப் பாப்பா?"

"அத்த, அது காந்தத்தாலதான் இருக்கும். கொஞ்சம் நகத்துனா..."

"பூஜைல வச்சதத் தொடுவியா? கைய ஒடச்சிடுவேன். மூணு மாசத்துல எம்மாம் வாயி!"

நான் அப்பாவைப் பார்த்தேன். ஆயிரம் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய மனிதர் அந்தக் கண்ணையே வெறித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நீ காலேஜுக்குக் கெளம்ப வேணாம்மா, படிச்சது போதும்" என்றார். அத்தை சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அப்பா சொன்னதுதான் வலித்தது.

காலையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க, கற்பூரம் காட்டி, அம்மா பொருள்களை இறக்கினாள். ஸ்பேனர்கள் இறங்கின, ஒன்றும் ஆகவில்லை. சுத்தியல், ஒன்றுமில்லை. காந்தத்தைத் தூக்கினாள். பச்சை விசிறி சட்டென்று நிமிர்ந்து விரிந்தது.

"பாத்தியா! ராத்திரி கோவம், காலைல உத்தரவு குடுத்துட்டா. ஜல்தி கெளம்புடி, ரயிலு போயிடும்" என்றாள் அத்தை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காந்தத்தை எடுத்து அவளுக்கு நிரூபித்துவிடக் கை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "சும்மா இரு. உத்தரவு வந்துகீது. வாங்கிக்கினு போ." அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்ததா என்று இன்றும் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. ஓட்டமும் நடையுமாக ரயிலேறினேன்.

இப்போது எங்கள் தெருவில் பச்சைக்கண் ரேடியோ ஒன்றுகூட இல்லை. எல்லார் கையிலும் டிரான்சிஸ்டர். இந்த ஆண்டு மூன்றாம் வீட்டுப் பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பதறிக்கொண்டு போனேன். ஏன் என்று அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"பொட்டப்புள்ளய படிக்கவச்சி எதுக்கும்மா பேஜாரு?" என்றார். அவ்வளவுதான் காரணம்; காந்தத்தைத் தூக்கினால் போய்விடும் காரணமல்ல அது. அலமாரியில் டிரான்சிஸ்டர் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது. அதில் கோணலும் இல்லை, நிமிர்த்திக் காட்ட ஒரு கண்ணும் இல்லை.